முன் சீட்டு

போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். எங்கள் தையல் கம்பெனியில் ஓடும் லைன்களிலேயே என்னுடைய லைனில்தான் பெண்கள் சந்தோஷமாக வேலை செய்கிறார்களாம், லீவு குறைவாம், சண்டை இல்லையாம். எப்படிங்க செஞ்சீங்க என்று கேட்டார். கம்பெனி வண்டியில் வருவதை நிறுத்திவிட்டேன் சார் என்பதுதான் உண்மையான பதில். சொன்னால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். "டீம் வொர்க் சார்" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்கள் கம்பெனி தருமபுரி டவுனுக்கு வெளியே இருக்கிறது. சட்டை தைக்கிறோம். ஒரு சட்டையை யாரும் முழுதாகத் தைப்பதில்லை. ஒருத்தி காலர், ஒருத்தி பாக்கெட், ஒருத்தி கை, ஒருத்தி பட்டன் என்று வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வேலையைச் செய்வோம். அந்த வரிசைக்குப் பெயர்தான் லைன். யார் எதைத் தைக்கிறாளோ அதுவே அவளுக்குப் பெயராகிவிடும். நான் பல வருஷம் காலர். எனக்கு அடுத்த மெஷினில் இருந்தவள் கை. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், வாடி போடி என்றுதான் பேசிக்கொள்வோம். அவளுடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில்தான் இருக்கிறது என்று கிண்டல் செய்வேன். அவளும் சும்மா விடமாட்டாள். காலர் தைத்துத் தைத்து உனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்பாள்.

இண்டூரையும் சுற்றுப்பட்டு ஊர்களையும் சேர்ந்த எங்கள் லைன் பெண்கள் எல்லோரும் ஒரே வண்டியில்தான் வருவோம். கம்பெனி அமர்த்திய வேன் அது. உட்கார இடம் போதாது. மடியில் ஒரு டிபன் கூடை, கூடைக்கு மேலே இன்னொருத்தியின் முழங்கை. கடலை பிடுங்கும் காலத்தில் யாராவது அவித்த கடலை கொண்டுவருவாள், டவுன் வந்து சேர்வதற்குள் வண்டி முழுக்கத் தோல் கிடக்கும், டிரைவர் திட்டுவார். கிறிஸ்துமஸ் சமயத்தில் கேக் எங்கள் வீட்டிலிருந்து போகும், பொங்கலுக்கு மற்றவர்கள் வீட்டிலிருந்து எனக்கு வரும்.

வேலை எங்களுக்கு அந்த வண்டியிலேயே ஆரம்பித்துவிடும். ஒருத்தி முகம் வீங்கி ஏறுவாள். உடனே யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்த ஊர் தாண்டியதும் யாராவது லேசாக ஆரம்பிப்பாள். மாமியார், புருஷன், பிள்ளைக்குக் காய்ச்சல், கிணற்றில் தண்ணீர் இல்லை என்று ஏதாவது வெளியே வரும். பிறகு தீர்ப்பு. "இன்னிக்கு அவளுக்கு வயித்து வலி. அவ துணி பண்டல்ல பாதிய நான் இழுத்துக்கறேன்." "இவ நேத்து பூரா தூங்கல, இவள ஊசி வேகமா ஓடற மெஷின்ல விடாதீங்கடி." இப்படிப் பேசி முடிப்பதற்குள் கம்பெனி கேட் வந்துவிடும். அப்போது எங்களுக்குச் சூப்பர்வைசராக இருந்தவர் திருப்பூர் பக்கத்து மனிதர். தன்னுடைய கண்டிப்பால்தான் லைன் நன்றாக ஓடுகிறது என்று அவர் கடைசிவரை நம்பினார். நாங்களும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

அவர் ஊரோடு போய்விட்டபோது சூப்பர்வைசர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். என்னைவிட வண்டியில் வரும் பெண்களுக்குத்தான் அன்றைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலையில் வண்டி வந்து நின்றதும் நான் வழக்கம்போலப் பின்கதவுக்குப் போனேன். கை உள்ளேயிருந்து வழியை மறித்துக்கொண்டாள்.

"எங்க சூப்பர்வைசரு பின்னாடி நசுங்கிகிட்டு வர்றதா? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? போயி முன்னாடி குந்து புள்ள."

டிரைவருக்குப் பக்கத்து சீட்டைத் துடைத்து ஒரு புதுத் துண்டு விரித்து வைத்திருந்தார்கள். பாக்கெட் தைப்பவள், எங்களில் எல்லோருக்கும் இளையவள், இறங்கி வந்து ஒரு முழம் மல்லிகையை என் தலையில் வைத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் முன் சீட்டு என்பது பெண்ணழைக்கப் போகும்போது மாமனுக்கும், தேர்தல் வந்தால் கட்சிக்காரருக்கும் உரியது. அதில் என்னை உட்காரவைத்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

முதல் வாரம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பேசினேன். கழுத்து வலிதான் வந்தது. இன்ஜின் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. "என்னது, என்னது" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் சொல்பவளுக்கும் சலிப்பு வரும்தானே. கொஞ்ச நாளில் முன்னால் பார்த்து உட்காரப் பழகிக்கொண்டேன். டிரைவர் முருக பக்தர். ஞாயிறு தவறாமல் சர்ச் பூசைக்குப் போகிற எனக்கு முருகன் பாட்டெல்லாம் மனப்பாடம் ஆனதுதான் மிச்சம். பின்னால் கொல்லென்று சிரிப்பார்கள், நான் கண்ணாடியில் பார்ப்பேன், அதற்குள் அடங்கியிருக்கும்.

அப்புறம் அக்கா போய் மேடம் வந்தது. முதலில் பாக்கெட்தான் ஆரம்பித்தாள், கம்பெனிக்குள் மட்டும். பிறகு வண்டியிலும். கடைசியில் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கை என்னிடம், "மேடம், நூல் தீந்துடுச்சுங்க" என்றாள். அவள் வாயிலிருந்து ஒரு 'ங்க' வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

லைன் கெட்டுப்போனது அதற்குப் பிறகுதான். வண்டியில் அவர்கள் பேசி வைப்பதற்கும் நான் போய் வேலை பிரித்துக் கொடுப்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. வயிற்று வலிக்காரிக்குக் கனமான பண்டலைக் கொடுப்பேன். ஒரு காலையில் பாக்கெட்டிடம் வேலை தேங்கிக்கிடந்தது. என்ன கனவா காண்கிறாய் என்று சத்தம் போட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய அம்மா மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள் என்பது லைனில் ஊசி எடுத்துக் கொடுப்பவள்வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியாது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று அவளைத் தனியாகக் கேட்டேன்.

"மேடம்கிட்ட எப்பிடிங்க சொல்றது? லீவு கேக்கற மாரி ஆயிடுமேன்னுதாங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல், வண்டிமேல், அந்தத் துண்டு விரித்த சீட்டின்மேல்.

இதற்குள் எங்கள் லைனில் எங்கேஜ்மென்ட், அதாவது வேலையில் ஈடுபாடு, குறைந்துவிட்டது என்று மேலே தெரிந்து, பெங்களூரிலிருந்து ஒரு ஹெச்.ஆர். தம்பியை அனுப்பினார்கள். கன்னடம் கலந்த தமிழ் பேசுவார், நல்ல பிள்ளை. சாப்பாட்டு நேரத்தில் எங்களை வட்டமாக நிற்கவைத்து ஆளுக்கொரு பலூன் கொடுத்து ஊதச் சொன்னார். கீழே விழாமல் எல்லோரும் சேர்ந்து தட்ட வேண்டுமாம், அப்படித் தட்டினால் ஒற்றுமை வருமாம். பேரன் எடுத்த பெண்கள்கூடக் கன்னம் உப்ப ஊதினார்கள். பாதி பலூன்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு என்று முந்தானையில் மறைந்தன. வாசலில் ஒரு பெட்டியும் வைத்தார், மனக்குறை எதுவானாலும் எழுதிப் போடலாம் என்று. அதில் முதலில் விழுந்தது மூலையில் மஞ்சள் தடவிய ஒரு காதுகுத்து அழைப்பிதழ். ஆபீஸ் சாரிடம் நேரில் நீட்டக் கூச்சப்பட்டு யாரோ போட்டிருந்தார்கள். அந்தத் தம்பியும் சளைக்காமல் இண்டூர்வரை வந்து விருந்து சாப்பிட்டு, குழந்தையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு போனார். ஆனால் பெட்டியில் அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை, லைனும் தேறவில்லை.

சீட்டுதான் பிரச்சினை என்று எனக்குத் தோன்றியது. ஒரு திங்கட்கிழமை யாரையும் கேட்காமல் பின்கதவைத் திறந்து ஏறிவிட்டேன். உள்ளே பேச்சு நின்றது. இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஜன்னலோர இடத்தை ஒருத்தி முந்தானையால் துடைத்துவிட்டாள். நெருக்கிக்கொண்டு உட்காருங்கடி என்று நான் சொல்லியும் என் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டார்கள். அந்த வண்டியில் ஒரு சாண் இடம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சாப்டாச்சுங்களா மேடம்?" என்று ஒரு குரல்.

"ஆச்சு."

அவ்வளவுதான். எல்லோரும் போனை எடுத்துக்கொண்டார்கள். நான் விடவில்லை, தினமும் பின்னால்தான் ஏறினேன். பழைய சூப்பர்வைசரைப் போல நடித்துக் காட்டினேன். எல்லோரும் ஒன்றாகச் சிரித்து ஒன்றாக நிறுத்தினார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்கு முருகன் பாட்டே தேவலை என்றிருந்தது.

ஒருநாள் டீ நேரத்தில் கையை மட்டும் தனியாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"நான் உங்களுக்கு என்னடி பண்ணேன்?"

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரும் இல்லை என்றதும் பழைய பேச்சு வந்தது. "நீ ஒண்ணும் பண்ல புள்ள. எங்களுக்கு ஒம்மேல பயமும் இல்ல. ஆனா யோசிச்சுப் பாரு. காலைல ஏறுனதும் கம்பெனியத் திட்டாம எங்களுக்குப் பொழுது விடியுமா? ஒருத்தி பொய்யா லீவு போட்டிருப்பா, ஒருத்தி வேற கம்பெனில வேல கேட்டிருப்பா. எல்லாத்தயும் நீ கேட்டுப்புட்டு, கேக்காத மாரி லைன்ல வந்து நிக்கணும். அது ஒனக்குத்தான கஷ்டம்? அதான் பேசறதில்ல."

"அப்ப நான் எங்கதான்டி குந்தறது?"

அவள் டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, என் தோளில் ஈரக் கையை ஒரு நிமிஷம் வைத்திருந்தாள். மணி அடித்ததும் போய்விட்டாள்.

அடுத்த வாரம் டிரைவரிடம் இனிமேல் எனக்காக நிற்க வேண்டாம் என்று சொன்னேன். சீக்கிரம் போய் லைனுக்குத் துணி எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு காரணம். பென்னாகரத்திலிருந்து வரும் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் மட்டும், "வூட்டு வாசல்லயே வண்டி வருது, இவ பஸ்ல தொங்கிகிட்டுப் போறா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

லைன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. வண்டியில் பேச்சு திரும்ப வந்துவிட்டது என்பது அவர்கள் இறங்கி வரும் நடையிலேயே தெரிந்தது. காலையில் எல்லோரும் மெஷினில் உட்கார்ந்த பிறகு கை என்னிடம் வருவாள். "இன்னிக்கு பட்டனுக்குக் கொஞ்சம் லேசான வேலையா குடுங்க மேடம்" என்பாள். ஏன் என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. சரி என்பேன். நிர்வாகம் என்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

பஸ் தாமதமாகும் நாட்களில் நான் ஸ்டாப்பில் நிற்கும்போதே வேன் என்னைத் தாண்டிப் போகும். ஜன்னலில் ஒரு கை கடலைத் தோலை உதிர்க்கும், யாருடைய கை என்று வளையலை வைத்துச் சொல்லிவிடுவேன். என்னைப் பார்த்ததும் எல்லோரும் கும்பிடு போடுவார்கள். நானும் போடுவேன். வேலையில் மேலே போனதற்காக நான் வருத்தப்படவில்லை, அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் அந்த வண்டிக்குள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, எவளுடைய முழங்கையாவது என் விலாவில் இடிக்க, என்னை யாரும் கவனிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்போல் இருக்கிறது. ஞாயிறு பூசையில் முழங்காலிடும்போதுகூட இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். கேட்டால் ஃபாதர் சிரிப்பார்.

போன வாரம், தலைமை அலுவலகத்துக்காரர் வந்து போன செய்தியெல்லாம் லைனில் பரவிய பிறகு, ஒருநாள் காலை பஸ் கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. கைதான் கூப்பிட்டாள். எடுத்து ஹலோ என்றேன். பதில் இல்லை. இன்ஜின் சத்தம், முருகன் பாட்டு, அதற்குப் பின்னால் குரல்கள். தெரியாமல் அழுத்திவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு அவளுடைய குரலே போனுக்கு மிகப் பக்கத்தில் கேட்டது. "சத்தமாப் பேசுங்கடி, எனக்குக் காது கேக்கல" என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பாக்கெட் தன் அம்மா உடம்பு தேறி முதல்முறையாக அடுப்படிக்குப் போய்க் களி கிண்டி, உப்பு போட மறந்து, அதற்கும் இவளையே திட்டியதைச் சொன்னாள். வண்டியே சிரித்தது. அது ஒன்றாக நிற்காத சிரிப்பு, ஒருத்தி ஓய்ந்ததும் இன்னொருத்தி எடுத்துக்கொள்ளும் சிரிப்பு. பஸ்ஸில் நானும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். பிறகு வண்டி அமைதியானது. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. "சொல்லுடி, இங்க யாரு இருக்கா? நாமதான்" என்றாள் ஒருத்தி. அழுகிறவள், "நேத்து வூட்ல..." என்று ஆரம்பித்தாள்.

நான் போனை அணைத்துவிட்டேன்.

கம்பெனியில் கை நேராக என்னிடம் வந்தாள். கேட்டாயா என்று அவள் கண் கேட்டது.

"டவர் கெடைக்கலடி" என்றேன்.

அந்த ரோட்டில் எங்கே டவர் கிடைக்கும், எங்கே கிடைக்காது என்று என்னைப் போலவே அவளுக்கும் தெரியும். அப்புறம் லைன் பக்கம் திரும்பிக்கொண்டு, "பட்டனுக்கு இன்னிக்கு லேசான வேலையா குடுங்க மேடம்" என்றாள்.

"சரி" என்றேன்.