விமானிகளின் டாக்டர் சேலையூருக்கு வந்த பிறகு

எங்கள் அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. அவரை நேசித்த உங்களிடம் இந்த நினைவு மலரைத் தருகிறோம். எழுதுவது அவருடைய மூத்த மகள்.

அப்பா நெல்லைச் சீமையில் ஒரு சிற்றூரில் பிறந்தார். ஐந்து வயதில் தகப்பனாரை இழந்து, மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, மருத்துவராகி விமானப்படையில் சேர்ந்தார். உயரே பறப்பவர்களின் உடல் என்ன பாடுபடுகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. காற்றை உறிஞ்சி எடுக்கும் இரும்பு அறைக்குள் விமானிகளை அனுப்பும் முன் தாமே உட்கார்ந்து பார்ப்பார். அப்படி ஒருநாள் இடது காது கேட்காமல் போயிற்று. ரஷ்யர் ஒருவர் விண்வெளிக்குப் போய்த் திரும்பிய செய்தியை ரேடியோவில் கேட்டபோது, "எறங்கினதும் தடுமாறாம நடந்தாராமா?" என்றுதான் விசாரித்தார்.

அறுபதுகளின் நடுவில் ஓய்வு பெற்று, சேலையூரில் வீட்டு முன்னறையிலேயே வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். சளியும் சிரங்கும்தான் வந்தன. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். அப்பாவுக்கு இல்லை.

ஒருநாள் தாமோதரன் அண்ணன் வந்தார். தாம்பரம்–பீச் மின்சார ரயில் ஓட்டுபவர். அவரே எழுதச் சொன்னதால் இதை எழுதுகிறேன். தலையைத் திருப்பினால் உலகமே சுற்றுகிறது என்றார்.

"வெளிய தெரிஞ்சா வண்டிய வுட்டு எறக்கிடுவாங்க டாக்டர். மருந்து மட்டும் குடுங்க."

"எறங்கித்தான் ஆகணும் தாமோதரன். நானே கூட வந்து உங்க ஆபீஸ்ல சொல்றேன்."

அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரும்புலியூரில் அவர் வீட்டுக்கே போனார். அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"லீவு சொல்லிட்டேன் டாக்டர். மூளையில கட்டியா?"

அங்கேயே கட்டிலில் படுக்க வைத்து, தலையைப் பின்னுக்குத் தொங்கவிட்டு, கண்கள் துடிப்பதைக் கவனித்தார் அப்பா.

"கட்டி மாதிரி தெரியல. காதுக்குள்ள இருக்கற கோளாறு. பைலட்டுங்ககிட்ட நெறைய பாத்திருக்கேன்."

அடுப்படியில் நின்ற அவர் மனைவி தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாராம். அப்பாவே அண்ணனைக் கூட்டிப்போய் ரயில்வே மருத்துவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னார். சில வாரம் தலைக்கும் கண்ணுக்கும் பயிற்சி கொடுத்தார். ரயில்வே மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் சோதித்த பிறகே வண்டியைத் தந்தார்கள். அந்த முதல் நாள் அப்பா முதல் பெட்டியில் ஏறி பீச் வரை போய்த் திரும்பினார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விமானப்படையில் வாங்கிய பதக்கத்தைப் பற்றி ஒருநாளும் பேசாதவர், இந்தப் பயணத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அதன்பின் தலைசுற்றல்காரர்கள் செங்கல்பட்டிலிருந்தும் வந்தார்கள்.

கடைசி மாதத்தில் இதயம் தளர்ந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். வலி அதிகமில்லை. தமக்குப் பின் நோயாளிகளை யார் பார்ப்பார்கள் என்ற கவலை மட்டும் இருந்தது. அவரிடம் இரண்டாண்டு உடனிருந்து பழகிய டாக்டர் எஸ்தர், "நான் பாத்துக்கறேன் சார்" என்று கையைப் பிடித்துச் சொன்னார். அப்பா நீளமாக மூச்சு விட்டார். மூன்றாம் நாள் பிற்பகல், தூக்கத்திலேயே போய்விட்டார். அழுதோம். ஆனாலும் எங்கள் மனம் ஆறியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த சபையாருக்கும், அம்மாவைத் தனியே விடாத அக்கம்பக்கத்தாருக்கும், அடக்க நாளில் தோள் கொடுத்த தாமோதரன் அண்ணனுக்கும் நன்றி.

அப்பாவின் நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை: முன்னறை வழக்கம்போல் காலை எட்டு மணிக்குத் திறந்திருக்கும். வாருங்கள்.