கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் நடுவுல எங்கம்மா

இன்னைக்கு மத்தியானம், கத்திரி வெயில்ல, எங்கம்மாவை ஒரு பிளாஸ்டிக் சேர்ல உட்கார வெச்சு மாடிக்குத் தூக்கிட்டுப் போனோம்.

மழை இல்லை. வெள்ளம் இல்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம், அவ்வளவுதான்!

(சிரிக்காதீங்க. முழுசா படிங்க.)

இப்போ நாங்க இருக்கறது சிட்லபாக்கத்துல, ரெண்டாவது மாடி. எங்களுக்கு மேல மொட்டை மாடி. மே மாசம் ஃபேனைப் போட்டா ஹேர் டிரையர் காத்துதான் வரும்.

அம்மாவுக்கு அடுத்த மாசம் முட்டி ஆபரேஷன். இனிமே படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

அதனால கிரவுண்ட் ஃப்ளோர் வேணும்.

தாம்பரம் பக்கத்துல கிரவுண்ட் ஃப்ளோர்னா என்னன்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். மேல இருந்தா வேகணும், கீழ இருந்தா நீந்தணும். எங்க பட்ஜெட்டுக்கு நடுவுல எதுவும் கிடையாது.

இன்னைக்குப் பார்த்தது முடிச்சூர் ரோட்டுல இருந்து உள்ள தள்ளி ஒரு நகர். பேர் வேண்டாம். (எந்த நகரா இருந்தாலும் கதை இதுதான்.)

ஹவுஸ் ஓனர் ரிட்டயர்ட் ஆனவர். அதே பில்டிங்லதான் குடி. (ரெண்டாவது மாடியில! நோட் பண்ணிக்கோங்க.) வாசல்லயே ஆரம்பிச்சார்.

"நம்ம தெருவுல மட்டும் தண்ணியே நிக்காது தம்பி."

நான் கேட்கவே இல்லையே!

உள்ள போனா ஹால்ல ஒரு பிளக் பாயின்ட் கூட கண்ணுல படலை. நிமிர்ந்து பார்த்தா எல்லாம் என் கழுத்து உயரத்துல இருக்கு.

"என்ன சார் இது?"

"குழந்தைங்க கை வெச்சிடக் கூடாது பாருங்க."

(ஒட்டகச்சிவிங்கிக் குழந்தையா சார்?)

சுவத்துல இடுப்பு வரைக்கும் புது பெயின்ட், அதுக்கு மேல பழசு. ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி கோடு.

"டூ டோன் தம்பி. இப்போ அதுதான் ஃபேஷன்."

அப்போதான் முதல் மாடியில வாடகைக்கு இருக்கற மேல் வீட்டு அக்கா படியில இறங்கி வந்தாங்க.

"கீழ் வீட்டுக்கு வர்றீங்களா? ரொம்ப சந்தோஷம். ஃப்ரிட்ஜ் சிங்கிள் டோரா, டபுள் டோரா?"

என்ன வேலைன்னு கேட்கலை. என்ன ஆளுங்கன்னு கேட்கலை. கறி சமைப்பீங்களான்னு கூட கேட்கலை! (வீடு தேடி அலைஞ்சவங்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய அதிசயம்னு.)

"டபுள் டோர்க்கா. ஏன்?"

"அடடா, படி திரும்புற இடத்துல மாட்டிக்குமே! முன்னாடி இருந்தவங்களது சிங்கிள் டோர், சல்லுனு ஏத்திட்டோம். எங்க ஹால்ல அதுக்குன்னே ஒரு மூலையை காலியா வெச்சிருக்கேன்."

ஓனர் இருமினார்.

"அது ஏதோ ஒரு தடவை. சும்மா, கணுக்கால் அளவு."

"சார்! பால் பாக்கெட்டே போட்லதானே வந்துச்சு!"

எனக்கு மண்டை சூடாயிடுச்சு.

ஓனர் மேல மட்டும் இல்லை. ஏரிக்குள்ள கல்லு நட்டு பிளாட் போட்டு வித்தவன் இங்க குடியில்லை. அதுக்குக் கையெழுத்துப் போட்டவனும் இங்க குடியில்லை. மழைக்கு முன்னாடி கால்வாயைத் தூர் வாரி, வாரின சேத்தைக் கரையிலேயே குமிச்சுட்டுப் போறாங்களே, முதல் மழைக்கு அது திரும்ப உள்ளேயே போய் உட்கார்ந்துக்குமே, அந்த கான்ட்ராக்டரும் இங்க குடியில்லை. கடைசியில ஒரு பென்ஷன்காரர் மாட்டிக்கிட்டு, எங்ககிட்ட டூ டோன்னு சொல்லிட்டு நிக்கிறார்.

"வாம்மா, போலாம்."

அம்மா நகரலை. வீடு வீடா ஏறி இறங்கி முட்டி வீங்கிப் போச்சு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே அக்காகிட்ட கேட்டாங்க.

"ஃப்ரிட்ஜை ஏத்துவீங்க, சரி. தண்ணி வந்தா என்னை?"

அக்கா அம்மாவை மேலிருந்து கீழ வரைக்கும் அளந்தாங்க.

"எத்தனை கிலோ இருப்பீங்க ஆன்ட்டி?"

"அறுபத்தெட்டு."

"பரவால்லையே. நீங்களாவது வளைஞ்சு குடுப்பீங்க, ஃப்ரிட்ஜ் குடுக்காது. ஏங்க! அந்த சேரை எடுத்துட்டு வாங்க, ஒரு ட்ரயல் பார்த்துடலாம்!"

அக்காவோட வீட்டுக்காரர், கால் டாக்சி ஓட்டறவர், லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சேரோட வந்தார்.

நான் வேண்டாம் வேண்டாம்னேன். யாரு கேட்டா? அம்மா ஏற்கனவே உட்கார்ந்தாச்சு! ஹேண்ட்பேக் மடியில. பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்ச முகம்.

மேல்பக்கம் சேர் முதுகை அந்த அண்ணன் பிடிச்சார். கீழ்ப்பக்கம் காலை நான் பிடிச்சேன். அக்கா டைரக்ஷன்.

"வரலாம், வரலாம்... ரைட்ல ஒடி... ஸ்டாப் ஸ்டாப்! ஆன்ட்டி, முழங்கையை உள்ள வைங்க!"

எதிர் வீட்டு பால்கனியில ஒருத்தர் கன்னத்துல போட்டுக்கிட்டார். (சாமி புறப்பாடுன்னு நினைச்சாரோ என்னவோ!)

படி திரும்புற இடத்துல வேர்வையில என் கை வழுக்கிடுச்சு. சேர் ஒரு பக்கம் சாயுது. அம்மா "டேய்!"னு கத்தறாங்க.

தடதடன்னு ஓடி வந்து சேர் காலைப் பிடிச்சது யாரு தெரியுமா? ஓனர்!

"புடிச்சுட்டேன், புடிச்சுட்டேன், மேல போங்க" அப்படின்னார் மூச்சு வாங்கிக்கிட்டே.

மேல போய் இறக்கினதும் அக்கா ஆளுக்கொரு சொம்பு மோர் குடுத்தாங்க. அம்மா ஒரே மூச்சுல குடிச்சுட்டு வாயைத் துடைச்சாங்க.

"சரி சார். நாங்க வர்றோம்."

"அம்மா!!"

"சும்மா இருடா. இதுவரைக்கும் பார்த்த வீட்ல எல்லாரும் தண்ணி வராதுன்னுதான் சொன்னாங்க. வந்தா யார் தூக்குவாங்கன்னு ஒருத்தர் காட்டினாங்களா?"

என் கோபம் மட்டும் அப்படியே இருந்துச்சு. எத்தனை பெட்ரூம்னு பார்க்கறதை விட்டுட்டு, எத்தனை பேர் தூக்குவாங்கன்னு பார்த்து வீடு பிடிக்கற ஊரா இது?

இந்த ஊர்தான். வேற ஊர் எங்களுக்கு இல்லை.

அதனால அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"சார், அந்த நேரம் பார்த்து அண்ணன் சவாரிக்குப் போயிட்டா நானும் நீங்களும்தான். நீங்க எந்தப் பக்கம் பிடிப்பீங்க?"

மனுஷன் ஒரு செகண்ட் கூட யோசிக்கலை.

"மேல்பக்கம்தான் தம்பி. கீழ்ப்பக்கம் பிடிக்கறவர் இடுப்பளவு தண்ணில நிக்கணும். எனக்கு சளி புடிச்சா லேசுல போகாது."