ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம்

டயல் இல்லாத கறுப்பு டெலிபோன் அது. பக்கத்திலிருந்த கைப்பிடியைச் சுற்றினால் பாய்லர், பம்ப் ஹவுஸ், டேங்குகள் என்று தொழிற்சாலையின் எல்லா மூலையிலும் மணி அடிக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே கம்பி. யார் எடுத்தாலும் யார் பேசுவதும் கேட்கும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் ஒன்றும் புரியாது. அறுபதுகளில் பம்பாயில், டிராம்பேயில் நான் வேலைக்குச் சேர்ந்த கண்ட்ரோல் ரூமுக்கு அதுதான் கண்ணும் காதும். ஷிப்ட் இன்சார்ஜ் என் அக்காவின் கணவர். வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. மாட்டுங்காவில் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே பஸ்ஸில் போய், ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். அவர் பட்ட அவமானத்தில் எனக்கும் பங்கு வந்தது அப்படித்தான்.

அத்திம்பேர் பயந்த சுபாவம். அரை மணிக்கு ஒரு தரம் ஒவ்வோர் இடத்திலிருந்தும் மீட்டர் ரீடிங் சொல்வார்கள், நான் இன்னொரு ரிசீவரில் கேட்டு எழுதிக்கொள்வேன். ஒரு நாள் இரண்டு ரீடிங்குகளுக்கு நடுவே ஒரு டேங்க் நிரம்பி வழிந்துவிட்டது. மேனேஜர் தொழிலாளர்களை வைத்துக்கொண்டே அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார். மறுநாளே அத்திம்பேர் உத்தரவு போட்டுவிட்டார்: இனி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ரீடிங் வேண்டும்.

அதோடு அந்தக் கம்பிக்கு ஓய்வு போயிற்று. ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். சொன்ன எண்ணையே சொன்னார்கள், எழுதியதையே எழுதினேன். பாதிப் பேர் மீட்டர் பக்கமே போகாமல் ஒப்பித்தார்கள். தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலிக்காரர்கள் கம்பியிலேயே கேலி பேசினார்கள். "நாம உசிரோட இருக்கோமான்னு சாருக்கு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க தெரியணும்லா" என்றது ஒரு குரல். நாலா பக்கமும் சிரிப்பு. அத்திம்பேரின் காதிலும் ரிசீவர் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கக் கூசி நான் சீவின பென்சிலையே மறுபடி சீவினேன். வீட்டில் அக்கா "இன்னிக்கு வேலையெல்லாம் எப்படி?" என்று கேட்டால் இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டு ரசத்தைப் பிசைவோம்.

ஒரு முற்பகல், டேங்க் ரீடிங் வந்துகொண்டிருந்தபோது நடுவில் யாரோ கத்தினார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. "உன் முறை வர வரைக்கும் பேசாம இரு!" என்று அத்திம்பேர் அதட்டினார். குரல் நின்றது. சற்றைக்கெல்லாம் பாய்லர்காரர் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். "பாய்லரை விட்டுட்டு இங்க என்ன பண்றே?" என்று அத்திம்பேர் பாய்ந்தார்.

"பாய்லர்ல தண்ணி எறங்கிட்டுது சார். இன்னொரு பம்பைப் போடச் சொல்லலாம்னா லைன் எங்க கெடைக்கி? நீங்கதான் பேசிக்கிட்டே இருக்கீயளே. அடுப்புக்குப் போற எண்ணெயை அடைச்சுட்டு ஓடியாறேன்."

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தோம். கையுறையைத் தேட நேரமில்லாமல் கொதிக்கிற எண்ணெய் வால்வை வெறுங்கையால் மூடியிருக்கிறார். உள்ளங்கைத் தோல் வழண்டு தொங்கியது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் பாய்லரே வெடித்திருக்கும். அன்று பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படித் தோன்றியதற்காக இன்னொரு வெட்கம்.

பாய்லர்காரர் ஆஸ்பத்திரியில் இருக்க, மறுநாள் ஷிப்ட் தொடங்கியதும் அத்திம்பேர் கைப்பிடியைச் சுற்றினார். எல்லோரும் எடுத்தார்கள். "நேத்து நடந்தது என்னோட தப்பு" என்றார். "எல்லாரும் என்னை மன்னிக்கணும். இனிமே பழையபடி அரை மணிக்கு ஒரு தரம் ரீடிங் சொன்னாப் போறும். நடுவில ஏதாவது மாறினா மட்டும் உடனே கூப்பிடுங்கோ."

கம்பியில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒவ்வொருவராக வைத்துவிட்டார்கள். சிரிப்புகூட இல்லை. அத்திம்பேர் ரிசீவரை வைக்காமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருக்குமோடா?"

"கேட்டிருக்கும் அத்திம்பேர்."

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே."

இன்று அவர் இல்லை. அந்தத் தொழிற்சாலையில் ரீடிங்கெல்லாம் தானாகவே வந்து திரையில் விழுகிறதாம். அன்று அவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வாயில் வந்தது இதுதான்:

"மாறினா மட்டும்தானே கூப்பிடச் சொன்னேள்?"