இறக்கையில் பதிந்த நகம்

என் கணவரின் விமானத்தை விழ வைத்தவள் நான்.

காற்று அல்ல. அவருடைய கணக்கும் அல்ல. நான்!

இதுவரை எவரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு அவரைத் தெரியாது என்பதுதான் காரணம். தெரிந்திருந்தால் எனக்கு வாய் எழுந்திருக்காது.

விமானம் என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். சாப்பாட்டு மேசை அகலத்துக்கு ஒரு மாதிரி விமானம். கையில் ரேடியோப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, தரையில் நின்றபடியே பறக்கவிடுவது. எண்பதுகளின் தொடக்கத்தில், ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர் சிவநேசன் அதைத் தாமாகவே வரைந்து, கணக்கிட்டு, பால்சா மரத்தில் வெட்டி எடுத்தார். பால்சா, ஊதினால் பறந்துவிடும் அளவுக்கு இலேசான மரம். அதன் தூள் எங்கள் சோற்றில் விழாத நாளே இல்லை.

ஒரு விமானம் செய்து பறக்கவிடுவதோடு அவருடைய ஆசை முடிந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். அவருக்கு வேண்டியது பெட்டி! வெட்டிய துண்டுகள், வரைபடம், செய்முறைத் தாள் எல்லாம் உள்ளே இருக்கும் பெட்டி. கப்பலில் வரும் அந்நியப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பினாங்கில் செய்த பெட்டியும் கடையில் இருக்க வேண்டும். சூலியா தெருவில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த காசிம் பாய், "நல்லா பறந்துச்சுன்னா நம்ம கடையிலயே அடுக்கி வைக்கிறேன்லா சார்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தப் பெட்டியை முதலில் சோதிக்க அவர் தேர்ந்தெடுத்த ஆள் யார் தெரியுமா? நான்தான்.

"ஒண்டுமே தெரியாத ஆள் ஒட்டினாலும் பறக்கோணும். அப்பதான் அது பெட்டி. நான் தொட்டா அது கணக்கில்லை" என்பார். ஆகவே துண்டுகளையும் தாளையும் என் முன்னால் வைத்துவிட்டு, எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் தடுமாறினால் என்னைத் திருத்தமாட்டார், தாளைத்தான் திருத்துவார். பிழை எப்போதும் எழுதியவன்மேல்தான், ஒட்டுகிறவர்மேல் இல்லை என்பது அவர் வகுத்த சட்டம். என்ன மனிதர்! அந்தச் சட்டமே அவரைத் தின்றது.

விமானம் இறங்கும் நாளில் வேலையை விடுவதாக அவர் சொன்னார். இல்லை, சரியாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காசிம் பாய் முன்னால் பறக்கவிடுவது, திங்கட்கிழமை ராஜினாமா கொடுப்பது. "உமக்குப் பயமா?" என்று கேட்டார். "எனக்கென்ன பயம்" என்றேன். பொய்!

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில், அதாவது அரசாங்கத்தில், மேய்க்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். என் அப்பா அப்படி மேய்க்காதவர். சொந்தமாக அச்சகம் வைத்து நொடித்துப்போனார். அவருக்குப் பிறகு நானும் அம்மாவும் சொந்தக்காரர் வீடுகளில் ஒண்டிக்கொண்டு, அவர்கள் சாப்பிட்டு முடித்த பின்பு சாப்பிட்டு வளர்ந்தோம். துறைமுக உத்தியோகம், பென்ஷன் என்ற இரண்டு சொற்களுக்காகத்தான் நான் சிவநேசனுக்குக் கழுத்தை நீட்டினேன். பிறகுதான் அவரை நேசித்தேன். அப்போது என் வயிற்றில் பிள்ளை வேறு.

வெள்ளிக்கிழமை மாலை இறக்கையின் இரண்டு பாதிகளையும் நடுவில் ஒட்டினேன். விமானத்தின் முழுப் பாரமும் தொங்குவது அந்த ஒட்டில்தான். இரண்டு குழாய்ப் பசைகளைச் சம அளவில் கலக்க வேண்டும். ஒன்று பசை, மற்றது அதை இறுகச் செய்வது. இரண்டாவது குழாயைப் பிதுக்கினேன், பாதிதான் வந்தது. எனக்கோ மசக்கை. பசையின் நெடியில் குடலைப் புரட்டியது. அவர் அப்போது கீழே இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததை வந்தபடி கலந்து பூசிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

இதுவரை நடந்தது பிழை. பிழையை யாரும் விடலாம்...

மறுநாள் காலையில் அந்த ஒட்டை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். இறுகிய பசையில் நகம் இறங்காது. என் நகம் இறங்கியது! பிறைபோல ஒரு குறி பதிந்து, அப்படியே நின்றது.

"இஞ்சருங்கோ, பசை காயேல்லை" என்று நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அவர் சிரித்திருப்பார். 'குழாயில் போதிய அளவு உண்டா எனப் பார்க்கவும்' என்று தாளில் ஒரு வரி சேர்த்திருப்பார். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டியிருப்போம். பறப்பது ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கும். அவ்வளவுதான்!

நான் குரல் கொடுக்கவில்லை.

நகக்குறியின் மேல், இறக்கையைப் போர்த்தும் துணியை இழுத்து ஒட்டினேன். சிவப்புச் சாயம் பூசினேன். பூசும்போது என்ன நினைத்தேன்? உங்களிடம் மறைத்து என்ன பயன்... கொஞ்சம் ஆடட்டும், கோணலாகப் பறக்கட்டும், பாய் உதட்டைப் பிதுக்கட்டும், திங்கட்கிழமை இவர் சட்டையை மாட்டிக்கொண்டு அலுவலகம் போகட்டும் என்று நினைத்தேன். ஒடியும் என்று நினைத்தேனா? இன்றுவரை என்னையே கேட்கிறேன். இல்லை என்று சொல்ல ஆசைதான். சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடலோரத் திடல். கடலில் நல்ல அலை. காசிம் பாய் ஸ்கூட்டரில் வந்திறங்கினார். இயந்திரம் சீறியது. விமானம் புல்லில் ஓடி, எழுந்து... பறந்தது!

அய்யோ, எத்தனை அழகாகப் பறந்தது! வளைந்து வளைந்து கடலுக்கு மேலே போய்த் திரும்பி எங்கள் தலைக்கு மேலே வந்தது. மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் தூண்டிலை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். பாய் கை தட்டினார். "பாரும், செட்டை ஆடவேயில்லை!" என்று என் கணவர் என்னிடம் கத்தினார். இறக்கையை அவர் செட்டை என்றுதான் சொல்வார். அவர் முகத்தை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கியது. ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து நானும் கை தட்டினேன்.

பிறகு அவர் விமானத்தைச் செங்குத்தாகக் கீழே இறக்கினார். கீழே வந்ததை வெடுக்கென்று மேலே இழுக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். நகக்குறி நினைவுக்கு வந்தது. 'வேண்டாம், தரையில இறக்குங்கோ' என்ற சொற்கள் தொண்டை வரை வந்தன. சொன்னால், ஏன் என்று கேட்பாரே...

இரண்டாம் தடவையும் வாயை மூடிக்கொண்டேன்.

மேலே இழுத்தார். இறக்கை நடுவில் ஒடிந்தது. உடல் நேரே திடலில் வந்து குத்தியது. இறக்கையின் பாதிகள் இரண்டும் காற்றில் புரண்டு புரண்டு போய்க் கடலில் விழுந்தன. அவர் முழங்கால் தண்ணீர் வரை ஓடினார். கைக்கு எட்டவில்லை. நான் செய்ததை அலை கொண்டுபோய்விட்டது. அந்தக் கணத்தில் எனக்கு வந்தது நிம்மதி. ஆம், நிம்மதி! இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"பரவாயில்லைலா சார். இன்னொண்ணு செஞ்சு கொண்டாங்க, நான் இருக்கேன்" என்றார் பாய். நல்ல மனிதர்.

"இல்லை பாய். என்ரை கணக்குப் பிழைச்சுப்போச்சு. சின்னப் பிள்ளையள் வாங்கிற சாமான். ஆரின்ரையும் தலையில விழுந்திருந்தா?" என்றார் இவர். ஈரக் காற்சட்டையோடு நின்று, பாயின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. ஒட்டியவர்மேல் பிழை இல்லை என்பது அவருடைய சட்டமாயிற்றே!

திங்கட்கிழமை அலுவலகம் போனார். நான் கேட்டது கிடைத்துவிட்டது, பாருங்கள்.

நான் ஒடித்தது இறக்கையை மட்டும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். மகன் பிறந்ததும் தொட்டில் செய்தார். அதன் மரச்சட்டங்களில் தோணி கட்டலாம்! "இன்னும் கொஞ்சம் மொத்தமா இருக்கட்டும்" என்று மரத்தின்மேல் மரம் வைத்து அடித்தார். பசார் போய்வந்தால் சில்லறையை என்னிடம் நீட்டி, "நீரே ஒருக்காப் பாரும், என்ரை கணக்கை நம்பேலாது" என்பார். மகன் பள்ளிக்கூடக் கணக்கோடு வந்தால், "அம்மாட்டக் கேள் ராசா" என்று எழுந்து போய்விடுவார். எந்தக் கணக்கையும் ஒரே தடவையில் போட்டு முடித்த மனிதர் அவர்! ஒவ்வொரு முறையும் நான் சில்லறையை எண்ணி, "சரியாத்தான் இருக்கு" என்பேன். அந்த ஒரு கணக்கும் சரிதான் என்பதை மட்டும் சொல்லவில்லை. நாள் போகப் போகச் சொல்வது கடினமாயிற்று. முதல் நாள் சொல்லியிருந்தால் அது பிழை. பத்தாண்டு கழித்துச் சொன்னால் அதற்கு வேறு பெயர்.

தொண்ணூறுகளின் கடைசியில் நோயில் விழுந்தார். பென்ஷன் வந்துகொண்டுதான் இருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி, ஒரு பிற்பகலில் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சேரும்... அந்தச் செட்டை... எத்தனை தரம் போட்டுப் பார்த்தாலும் கணக்குச் சரியாத்தான் வருது. நான் எங்க பிழை விட்டனான்?"

அறையில் வேறு யாரும் இல்லை. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவேண்டியவளிடமே கேட்டுவிட்டார். கடவுள் இதைவிட எத்தனை தெளிவாக ஒரு வாய்ப்பைக் கொடுக்க முடியும்?

வாயைத் திறந்தேன்.

"தெரியேல்லையப்பா" என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார். என் கையை எடுத்துத் தம் கைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய கட்டைவிரல் என் நகங்களின் மேல் கிடந்தது.

"ஓம்... உமக்கென்ன தெரியும், பாவம். நீர் நான் எழுதினபடிதானே ஒட்டினனீர்."

"ஓம்" என்றேன்.