நான்கு வேன் ஆட்களும் ஒரு குத்துவிளக்கும்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். வரலாறு படித்துவிட்டு, சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்க்கிறேன். தமிழ்நாடு நாள் விழாவில், நம் மாநிலத்துக்கு இந்தப் பெயர் வந்த கதையைப் பேசச் சொன்னதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. விழா நடத்தியவர் என் அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியின் முதலாளி. அன்றைக்கு வேலையைச் சீக்கிரம் முடித்து, ஆட்களை அப்படியே நான்கு வேன்களில் ஏற்றி வந்து கல்யாண மண்டபத்தில் இறக்கிவிட்டார்.

நான் மேடையில் பேசி அம்மா கேட்டதே இல்லை. இருட்டுவதற்குள் வேன் ஊருக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் அவளுக்கு வேறு வண்டி கிடையாது. முதல் பேச்சே என்னுடையது என்பதால் நான் தைரியமாக இருந்தேன்.

தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தது. குத்துவிளக்கில் எண்ணெய் தளும்பியது. முதலாளி மெழுகுவத்தியை நீட்டினார்.

“தீப்பெட்டி எங்கப்பா?”

கம்பெனி மேனேஜர் தன் சட்டைப்பையைத் தடவினார். பிறகு சபையைப் பார்த்துக் கேட்டார். மண்டபம் நிறைந்த கூட்டத்தில் ஒருவரிடமும் இல்லை. அம்மாவோடு பட்டாசுக்குத் திரி சொருகும் பெரியம்மா ஒருத்தி முன்வரிசையிலிருந்து எழுந்தாள்.

“நல்லாக் கேக்கீக மேனேசரு! தீப்பெட்டியோட வந்தா கேட்டுலயே வீட்டுக்குத் தொரத்துறது நீங்கதான?”

பீடி குடிக்கிறவர்கள் டீக்கடையில் புகைந்துகொண்டிருக்கும் கயிற்றில் பற்றவைப்பதே வழக்கம். டீக்கடைக்காரரோ கடையை அடைத்துவிட்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சுற்றிலும் தீப்பெட்டித் தொழில்தானே என்று ஆட்களை அனுப்பினார்கள். ஒருவன் இரண்டு கை நிறையக் குச்சி கொண்டுவந்தான். அந்தக் கம்பெனியில் பெட்டி கிடையாது. இன்னொருவன் பெட்டி கொண்டுவந்தான். அதில் உரசுகிற மருந்து இன்னும் பூசவில்லை. மூன்றாமவன் எங்கள் அச்சகத்துக்கே போய், அங்கே அடித்து வைத்திருந்த தீப்பெட்டி லேபிள் கட்டு ஒன்றைத் தூக்கி வந்துவிட்டான்.

“இத வச்சு என்னலே செய்ய?” என்றார் மேனேஜர்.

“தீப்பெட்டின்னா லேபிளும் வேணும்ல அண்ணாச்சி.”

வெளியே வேன் ஹாரன் அடித்தது. வேனில் வந்தவர்கள் எல்லாம் எழுந்தார்கள். அம்மாவும் எழுந்தாள். என்னைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் தலையசைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

நான் மைக்கைப் பிடித்தேன்.

“தம்பி, வெளக்கேத்தாம பேசக் கூடாது” என்றார் முதலாளி.

“நீங்க ஏத்துங்க முதலாளி. அதுவரைக்கும் நான் பேசிக்கிட்டு இருக்கேன்.”

ஒலிபெருக்கிக் குழாய் வேன்கள் நின்ற பக்கம்தான் திரும்பியிருந்தது. வெளியே அதே பெரியம்மாவின் குரல்: “ஏலே, இஞ்சின அமத்துலே! பிள்ள பேசுறான்ல!”

இஞ்சின் நின்றது.

எழுதி வைத்திருந்த முன்னுரையை விட்டுவிட்டு, பேச்சில் நேராக விருதுநகருக்கு வந்தேன். தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி நம் பக்கத்துக்காரர் ஒருவர் அங்கே உண்ணாவிரதம் இருந்ததையும், அதிலேயே உயிர் விட்டதையும், பெயர் வந்தது அவர் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகுதான் என்பதையும் சொன்னேன். முதலாளி ஏற்றாத மெழுகுவத்தியைப் பிடித்தபடியே கேட்டார். முடித்ததும் ஓடிப்போய் அம்மாவின் வேனில் ஏறிக்கொண்டேன். விளக்கை எப்போது, எதை வைத்து ஏற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். “நல்லாத்தான்யா பேசுன” என்றாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: “அந்த மனுசன் அம்புட்டு நாளு பட்டினி கெடக்கையில ஒருத்தி கூடவா ஒரு வாய் கஞ்சி குடுக்கல?”

“குடுத்தாலும் குடிக்க மாட்டாகம்மா. அதுதான் உண்ணாவிரதம்.”

“நாங்க இருந்திருந்தா வாயத் தெறந்து ஊத்தியிருப்போம்” என்றாள் பெரியம்மா.

“ஊத்தியிருந்தா பேரு வந்திருக்குமாக்கும்?” என்றார் டிரைவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் ஊர் ஆனைக்குட்டம் வரும்வரை வேன் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. அம்மா கஞ்சிக் கட்சி.