மண் தரைக்கு ஏற்ற மெஷின்

தூசியை உறிஞ்சுகிற மெஷினில் எந்த வகை நல்லது என்று என்னிடம் யாராவது கேட்டால், உங்கள் வீட்டுத் தரை எதனால் ஆனது என்று முதலில் கேட்பேன். யாரும் கேட்கப் போவதில்லை. எங்கள் தெருவில் அப்படி ஒரு சாமானை வாங்கியவன் நான் ஒருவன்தான். அதுவும் பலிக்கவில்லை.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. பிறகு வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் சாலையில் இருக்கும் ஒரு தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) சேர்ந்து, பட்டைக் கொட்டகையிலேயே இருந்துவிட்டேன். தோல் பதனிட ஆவாரம் பட்டையை இடித்துத் தூளாக்குகிற இடம் அது. உள்ளே எதிரில் நிற்பவன் முகம் மஞ்சளும் காவியுமாகத் தெரியும். சாயங்காலம் வெளியே வந்தால் நம் முகமும் அப்படித்தான். தும்மினால் மஞ்சள், துப்பினால் மஞ்சள். அதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நானும் என் மனைவியும்தான். அவளுக்கு முதலில் இருமல் வந்தது. பிறகு மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் வந்தது. படுத்தால் ஜாஸ்தி, உட்கார்ந்தால் கம்மி. சுவரில் சாய்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள். கஷாயமும் தைலமும் கேட்காமல் போகவே, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா அவள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என் சட்டையையும் காதோரத்தையும் பார்த்தார்.

"மருந்து தர்றேன். ஆனா மருந்து மட்டும் போதாது. வீட்ல தூசி இருக்கக் கூடாது. தூசி போகலைன்னா இந்தம்மா வேற எங்கயாவது போய் இருக்கணும்."

வழியில் அவள்தான் பேசினாள். "கணியம்பாடிக்குத்தான் போவணும். எங்க அண்ணனை வுட்டா எனக்கு யார் கீறாங்க?"

"நீ ஏன் போவணும்? தூசியை அனுப்பிடலாம்" என்றேன்.

"பஸ்ஸுல ஏத்தி வுடு" என்று சிரித்தாள். சிரித்ததும் மூச்சு வாங்கியது. ஒரு மைல் கல்லின் மேல் உட்கார்ந்து சரியான பிறகுதான் நடந்தோம்.

முதலில் துடைப்பத்தை மாற்றினேன். தென்னந் துடைப்பம் தரையைக் கீறித் தூசியைக் கிளப்புகிறது என்று அதை வாசலோடு நிறுத்தினோம். ஈச்சந் துடைப்பம் மெத்தென்று இருந்தது. ஆனால் பட்டைத்தூள் மாவைவிட மெல்லியது. அது எந்தத் துடைப்பத்துக்கும் அடங்காது. கூரை வரைக்கும் எழுந்து போய், நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து நிதானமாக இறங்கி வரும். தண்ணீர் தெளித்துப் பெருக்கினால் தூசி அடங்கியது, ஆனால் அந்த ஈரம் அவள் நெஞ்சைப் பிடித்தது. ஈரத்துணியால் துடைத்தால் மண்தரை சேறானது.

இப்படி இருக்கும்போது முதலாளி வீட்டுக்குக் கரண்டு வந்தது. அந்த வருஷமே அவர் மகளுக்கு நிக்காஹ். கம்பளங்களைத் தூக்கிப் போட ஷாப்பிலிருந்து சிலரைக் கூப்பிட்டார்கள், நானும் போனேன். கூடத்தில் அவர்கள் வீட்டு வேலையாள் ஒரு மெஷினைக் கம்பளத்தின் மேல் தள்ளிக்கொண்டிருந்தான். காது அடைக்கும் சத்தம். மற்றவர்கள் மெஷினைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் வழியாக விழுந்த வெயிலைப் பார்த்தேன். வெயிலில் எப்போதும் தூசி ஆடும். அன்று அந்த வெயில் வெறுமனே இருந்தது. தூசி எழும்பாமல் போவதை வாழ்க்கையில் அப்போதுதான் பார்த்தேன்.

"இன்னாப்பா, பேயைப் பார்த்தவன் மாதிரி நிக்கிற? அந்த முனையைப் புடி" என்றான் வேலையாள்.

கம்பளத்தைச் சுருட்டியபடியே, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். இது சீமையிலிருந்து வந்ததாம். இதற்கு முன்னால் கையால் இழுக்கிற மெஷின்கள் அந்த வீட்டில் இருந்தனவாம். கரண்டு வந்ததும் அவை வேலூர் கடைத்தெருவில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஷாப்புக்கு லீவு நாள், அங்கே போனேன். கடைக்கார பாய் எனக்காக மூன்று வகை மெஷின்களை வெளியே எடுத்து வைத்தார்.

"வூட்ல கரண்டு கீதா?"

"இல்ல பாய்."

"அப்ப இது வாணாம். வாங்கிம்போனா மூலையில வெச்சி மாலை போட வேண்டியதுதான்." இரண்டாவதைக் காட்டினார். மரப்பெட்டியும் தோல் துருத்தியும் நீளமான குழாயும் அதில் இருந்தன. "இது துருத்தி வகை. ஒருத்தர் துருத்தியை அடிக்கணும், ஒருத்தர் குழாயைப் புடிக்கணும். வூட்ல எத்தினி பேரு?"

"நானும் அதுவும்தான்."

"அதுன்னா? பூனையா?"

"என் வூட்டுக்காரி பாய்."

"பலே. அவுங்க துருத்தி அடிப்பாங்களா?"

"மூச்சு வாங்கும் பாய். அதுக்குத்தான் மெஷினே."

அவர் அதற்கு மேல் கேலி செய்யவில்லை. மூன்றாவதை என் கையில் கொடுத்தார். ஆள் உயரத்தில் பாதிக்கும் மேல் இருந்த தகரக் குழாய் அது. மேலே ஒரு கைப்பிடி, கீழே தட்டையான வாய், நடுவில் தூசி சேருகிற டப்பா, அதற்குள் ஒரு துணிப்பை. கைப்பிடியை இழுத்தால் வாய் தூசியை உறிஞ்சும்.

"இது ஒத்தை ஆள் வகை. கரண்டு வாணாம், கூட்டாளி வாணாம். உனுக்கு இதான் சரி."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கரண்டு உண்டா, ஆள் உண்டா, யார் இழுப்பது என்று எல்லாம் யோசித்தாகிவிட்டது. தரை எப்படிப்பட்டது என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவள் வளர்த்த ஆட்டைக் குட்டிகளோடு விற்றுத்தான் அதை வாங்க முடிந்தது. ஆட்டை ஓட்டிப் போகும்போது அவள் உள்ளே போய்விட்டாள்.

மெஷின் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வீடு முழுவதும் இழுத்தேன். ஆண்பிள்ளை வீடு பெருக்குவதே, ஷாப்பு ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் வேடிக்கை. இதில் கீச்சுக் கீச்சென்று சத்தம் வேறு. அடுத்த வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாக்கா, உன் வூட்டுக்காரரு தரைக்குக் காத்து அடிக்கிறாரு? பஞ்சராய்டிச்சா?"

"உன் வாயிலியும் வெச்சி உறிஞ்சச் சொல்றேன், இரு" என்றாள் என் மனைவி.

நான் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு இழுத்தேன். முடிந்ததும் டப்பாவைத் திறந்து காட்டினேன். அடி நிறைய மஞ்சள் தூள். இவ்வளவையும் இத்தனை நாள் நெஞ்சிலா வாங்கிக்கொண்டிருந்தாய் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அந்த வாரம் அவள் கொஞ்சம் சாய்ந்து படுத்தாள். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

தினமும் டப்பா நிறைந்தது. நிறைய நிறைய எனக்குச் சந்தோஷம். சில நாள் கழித்துத் தூளின் நிறம் மாறியது. மஞ்சள் போய்க் கறுப்பு வந்தது; பிறகு செம்மண். அவள் உட்கார்ந்தபடியே தரையில் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா, தரையே போவுதே."

சாணம் மெழுகிய தரை அது. மெழுகின மேல்தோலை மெஷின் உரித்து எடுத்துவிட்டது. அடியில் இருந்த மண் பொலபொலவென்று கிளம்பிவிட்டது. நடந்தால் தூசி, பாயை விரித்தால் தூசி. நான் தினமும் இழுத்து இழுத்து, முன்பு இல்லாத தூசியை வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிவிட்டேன். அவளுக்கு இருமல் முன்னைவிட மோசமானது.

மறுபடியும் பாய் கடைக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்ததை விரலால் கிளறினார்.

"இது தூசி இல்ல நைனா. இது உன் வூடு."

நான் டப்பாவை வாங்கி மூடினேன்.

"மெஷின்ல தப்பில்ல. இது கம்பளத்துக்குப் பண்ணது, கல் தரைக்குப் பண்ணது. நீ சிமிட்டி போட்டுடு."

"லைன் வூடு பாய். ஷாப்புக்குச் சொந்தம்."

"அது பேஜார்தான்."

"துருத்தி வகையை மாத்திக் குடுத்தீங்கன்னா? அது மெதுவா இழுக்குமில்ல?"

"மெதுவா இழுத்தா உன் வூடு மெதுவா போவும்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. டீ வரவழைத்துக் கொடுத்தார்.

ரம்ஜானுக்கு ஷாப்பு மூடினார்கள். அந்த லீவில் சாணம் கரைத்து நானே தரையை மெழுகினேன். அடுத்த வீட்டுக்காரி ஏதோ சொன்னாள், காதில் வாங்கவில்லை. தரை காய்ந்ததும் வீடு நன்றாக இருந்தது. அந்த லீவு முடியும் வரை அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. ஒரு மத்தியானம் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். அப்படி அவள் தூங்கிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினேன். மெழுகுவதுதான் வழி, மெஷின் தேவையே இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஷாப்பு திறந்தது. முதல் நாள் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவள் சோறு போட உட்கார்ந்தாள். இரண்டாம் முறை குழம்பு ஊற்றுவதற்குள் சீழ்க்கைச் சத்தம் வந்துவிட்டது. இருவரும் சட்டையைப் பார்த்தோம். பிறகு அவள் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தாள்.

சட்டையை வெளியில் மாட்டினேன். பாலாற்று மணலில் ஊற்று தோண்டிக் குளித்துவிட்டு வந்தேன். தலையை மொட்டை அடித்தேன். காதுக்குள், நகத்துக்குள், புருவத்தில், எங்கேயாவது ஒட்டிக்கொண்டு பட்டைத்தூள் என்னோடு வந்தது. கடைசியில் புழக்கடையில் நின்று மெஷினின் வாயை என் உடம்பிலேயே வைத்து இழுத்துப் பார்த்தேன். அது என் தோளில் இருந்ததை உறிஞ்சி, துணிப்பையின் இழை வழியாகப் புகைபோல வெளியே விட்டது. காற்று அதை வீட்டுக்குள் கொண்டு போனது.

மேஸ்திரியிடம் வேறு வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். கேட்பதற்கே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

"எங்க மாத்தறது? சுண்ணாம்புத் தொட்டிக்குப் போறியா? அங்க நிக்கிறவன் கால் வெந்து கெடக்கறதைப் பார்த்திருக்கியா? பட்டையில கை பழகுனவனை எடுத்துட்டா முதலாளி என்னைத்தான் இடிப்பாரு. போப்பா, பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றதை நம்பி இன்னும் கொஞ்ச நாள் இருந்தோம். ஒரு காலை அவள் தானாகவே புடவைகளை மூட்டை கட்டினாள்.

"நான் போறேன்யா."

"நான் ஷாப்பை வுட்டுடறேன்."

"வுட்டுட்டு? ரெண்டு பேரும் இன்னாத்தைத் துன்றது? எங்க அண்ணன் என்னை வெச்சிப்பான். உன்னியும் சேர்த்தா வெச்சிப்பான்?"

நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டேன். கணியம்பாடி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

அங்கே அவள் தேறிவிட்டாள். கன்னத்தில் சதை வைத்தது. கிணற்றிலிருந்து குடம் தூக்கி வருகிறாள். வேர்க்கடலை ஆய்கிற இடத்தில் மற்றப் பெண்களோடு வம்பு பேசுகிறாள். நெஞ்சில் சத்தமே இல்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவன் நான்தான். படுகிறேன். அவள் நன்றாக இருக்க இருக்க, திரும்பி வர முடியாது என்பதும் உறுதியாகிக்கொண்டே போகிறது.

வெள்ளிக்கிழமைதோறும் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போகிறேன். முதல் தடவை அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் மார்பு ஏறி இறங்க ஆரம்பித்தது. "அடுப்புப் பொகை" என்றாள். அடுப்பு அன்று மூட்டியிருக்கவில்லை. அடுத்த தடவை நான் போகும்போது, வீட்டுக்கு எதிரே இருக்கும் களத்தின் அந்தப் பக்கம், வைக்கோல் போர் ஓரத்தில் பாய் போட்டு வைத்திருந்தாள். "காத்து இந்தப் பக்கத்துலருந்து வருது. நீ அங்க குந்து" என்றாள், என் முகத்தைப் பாராமல்.

இப்போது நடுவில் களம் முழுவதும் இருக்கிறது. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்க வேண்டுமானால் கத்த வேண்டும். கத்தினால் அவள் அண்ணனும் அண்ணியும் கேட்பார்கள். அதனால் மழை பெய்ததா, கடலை எப்படி, லைனில் யாருக்குக் கல்யாணம் என்று பேசுகிறோம். எப்போது வருவாய் என்று கேட்க முடியவில்லை. அத்தனை சத்தமாகக் கேட்கிற கேள்வி அல்ல அது. காற்று திசை மாறினால் அவள் கையைக் காட்டுகிறாள். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்காருகிறேன்.