கணக்கை மூடிய வாரம்

நாத்தனார் புது வீட்டுப் படங்களுக்கு நான் ஒரு இதயம்கூடப் போடவில்லை. எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. மாதா கோயில் சாமியார் வந்து வீட்டை மந்திரித்த அன்று காலை முதல் இரவு வரை நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். பாயசம் கிண்டினேன், பந்தியில் பரிமாறினேன், கடைசியில் பாத்திரமும் கழுவினேன். அது எதுவும் கணக்கில் வரவில்லை. "ஊரே லைக் போட்டிருக்கு, அண்ணி மட்டும் கண்டுக்கல" என்று அவள் என் கணவரிடம் போனில் அழுதிருக்கிறாள். அவர் வந்து என்னைக் கேட்டார். நான் அவரிடம் கத்தினேன். கோயிலுக்குப் போய் வந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதிலேயே வீணாகப் போனது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, "இந்த அக்கவுண்டு எழவே வேணாம், மூடிடுறேன்" என்று போனை எடுத்தேன். ஒரேயடியாக அழிக்க மனசு வரவில்லை. மகளுடைய சின்ன வயதுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தற்காலிகமாக முடக்கி வைக்கலாம் என்று மகள் சொல்லியிருந்தாள். ஆனால் அந்த இடம் லேசில் கிடைக்கவில்லை. ஒன்றைத் திறந்தால் அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. கடைசியாக ஒரு பக்கம் வந்தது. உண்மையாகவே மூடப்போகிறீர்களா, இவர்கள் எல்லாம் உங்களைத் தேடுவார்கள் என்று எழுதி, கீழே சில முகங்களைக் காட்டியது.

முதலில் நாத்தனார். அதைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது. அவளுக்கு அடுத்து, கடற்கரையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மஞ்சள் சுடிதாரில் நின்றவளைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் இறந்துபோய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. அவள் எனக்குப் பக்கத்து கவுண்ட்டர். பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா இல்லை. அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்று வளர்த்தவர். கல்யாணம் ஆகாமலேயே முப்பதைத் தாண்டியிருந்தாள், அதைப் பற்றி யார் கேட்டாலும் நன்றாகச் சிரிப்பாள். தீபாவளிக் கூட்டத்தில் நான் தடுமாறினால் என் வரிசையில் நிற்பவர்களைத் தன் பக்கம் கூப்பிட்டுக்கொள்வாள். ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி, தலை வாரிக்கொண்டே தலை வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். சீப்பு கையில் இருக்கும்போதே விழுந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். முந்தின நாள் சாயங்காலம்தான் எனக்கு, "நாளைக்கு நீ சாம்பார் எடுத்துட்டு வா, நான் வறுத்த மீனு எடுத்துட்டு வரேன்" என்று அனுப்பியிருந்தாள். நான் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று போட்டிருந்தேன்.

அவள் என்னைத் தேடுவாளாம். எந்த மிஷினோ கணக்குப் போட்டுச் சொல்கிறது, அதற்கு உயிரும் தெரியாது சாவும் தெரியாது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, அவள் கடைசியாக அனுப்பியதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எங்கள் பேச்சு இருந்த பக்கத்துக்குப் போனேன்.

அவள் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் புள்ளிக்கு, ஆள் இப்போது உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். போன் என் மடியில் விழுந்தது. கூடத்தில் படுத்திருந்த கணவரை எழுப்பிக் காட்டினேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார், எழுந்து உட்கார்ந்தார்.

"எவனாச்சும் பூந்திருப்பான். செத்தவங்க அக்கவுண்டுலதான் பூருவானுங்களாம். உன்னுதுலயும் பூரப்போறான், மொதல்ல மூடு."

மறுபடி அந்த மூடும் பக்கத்துக்கே போனேன். ஏன் மூடுகிறீர்கள் என்று அது காரணம் கேட்டது. கொடுத்திருந்த காரணங்களில் 'இது தற்காலிகம்தான், திரும்பி வருவேன்' என்பதைத் தொட்டேன். அதற்கு மேலே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூடிவிட்டேன். திங்களும் செவ்வாயும் வேலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய கவுண்ட்டரில் இப்போது வேறு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் திரும்பாமலே பில் போட்டேன்.

புதன்கிழமை எனக்கு வார லீவு. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னால் கொடி கட்டியிருக்கிறோம். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. இறங்கிய அம்மாள் தெருவை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் வீட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக, சுவர் ஓரமாகவே நடந்து வந்தார். கையில் ஒரு ஒயர் கூடை. கேட்டுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. அவளுடைய அம்மா. காரியத்தன்று பார்த்தது. பாதியாக இளைத்திருந்தார்.

நான் ஈரத் துணியை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன். அவர் என்னைப் பார்த்தார்.  கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா! என்னம்மா ஆச்சு?"

கேட்டைத் திறந்து குனிந்தேன். இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தார். கன்னம், நெற்றி, காது எல்லாம் தடவினார்.

"இருக்கியாடி? நீ இருக்கியாடி பொண்ணே?"

"இருக்கேம்மா. எனக்கென்ன?"

"ஐயோ, நான் மாலை வாங்கிகினு வந்துட்டேண்டி..."

கூடைக்குள் பார்த்தேன். வாழையிலையில் சுற்றி, சம்பங்கி மாலை. பெரிய மார்க்கெட்டில் இறங்கி வாங்கியிருக்கிறார். எனக்கு வாங்கிய மாலை. 

உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்தார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து ஒரு போனை எடுத்தார். ஓரத்தில் விரிசல் விட்ட கண்ணாடி, உறையில் ஒட்டிய நட்சத்திரங்கள். அவளுடைய போன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல. மூஞ்சிங்கள பாப்பேன். தெனம் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். போனுக்குக் காசு போடுற கடையில ரீசார்ஜ் போட்டுக்குவேன். இதத் தொறக்க ஒரு கோடு போடுவா பாரு, தூண்டி முள்ளாட்டம், அத நான் பாத்து வச்சிருந்தேன்."

"அப்போ உள்ள இருந்தது நீங்களாம்மா?"

"நாந்தான். வேற யாரு இருக்கா? எதையும் அமுக்க மாட்டேன், அழிஞ்சிட்டா? நீ போடுறதெல்லாம் வரும். உம் பொண்ணு ரெட்டை சடை போட்டுகினு பள்ளிக்கூடம் போறது, உங்க மாதா கோயில் தேரு, நீ சுட்ட தோசை. எம் பொண்ணு பக்கத்துல குந்திகினு பாக்குறாப்புல இருக்கும்."

சொல்லிக்கொண்டே கோடு போட்டுத் திறந்தார். முதல் வரிசையில் நான் இருந்த இடத்தைக் காட்டினார். என் படம் இல்லை, பேரும் இல்லை. சாம்பல் நிறத்தில், கண் மூக்கு இல்லாமல் ஒரு தலை.

"எம் பொண்ணு போனப்போ ரேஷன் கார்டுல பேர அடிச்சாங்க. இதுலயும் ஒரு நாளைக்கி அவ மூஞ்சிய எடுத்துடுவாங்கன்னு தெனம் பயந்துகினேதான் தொறப்பேன். அன்னிக்கி தொறந்தா அவ இருக்கா, உன்னக் காணோம். மறுநாளும் பாத்தேன், இல்ல. எனக்கு நெஞ்சு அடிச்சிக்கிச்சு. சரி, இதுவும் போயிடுச்சுன்னு நெனச்சிட்டேன். உங்க வீடு பால் காச்சினப்போ எம் பொண்ணோட வந்தேன்ல, அந்த நெனப்புல வந்துட்டேன். வழியில யாரையும் விசாரிக்கல. விசாரிச்சா ஆமான்னு சொல்லிடுவாங்களே."

 நான் செத்துப்போனதாக நம்பிய ஒருவர், என் சாவுக்கு வருவதற்காக பஸ் ஏறி, ஆட்டோ பிடித்து, பூ வாங்கிக்கொண்டு, பந்தல் போட்டிருக்கிறதா என்று என் தெருவைப் பார்த்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அது நானே மூடுனது. கொஞ்ச நாளைக்கி வேணாம்னு."

"நீயேவா? ஏன் மூடுன?"

 நாத்தனார் என்று வாயெடுத்தேன், வெட்கமாக இருந்தது. "சும்மாதாம்மா" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார்.

என் போனை எடுத்து உள்ளே நுழைந்தேன். மூடுவதற்கு அத்தனை கதவு, திறப்பதற்கு ஒரே கதவு. கடவுச்சொல்லைப் போட்டதும் ஒன்றும் நடக்காதது போல எல்லாம் திரும்பி வந்தது. அவர் மடியில் இருந்த போனிலும் சாம்பல் தலை போய் என் முகம் வந்தது. அவர் திடுக்கிட்டு, போனை உடம்பிலிருந்து எட்டப் பிடித்தார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் அந்தப் போனில் எங்கள் பேச்சை நானும் பார்த்தேன். என் போனில் எப்போதும் வலது பக்கம் இருக்கும் என் வார்த்தைகள் அங்கே இடது பக்கம் இருந்தன. அவள் கண்ணுக்கு நான் அந்தப் பக்கமாகத்தான் தெரிந்திருக்கிறேன். அதை அதுவரை நான் நினைத்ததே இல்லை.

"போனது திரும்ப வருமா இதுல?" என்று கேட்டார்.

"வரும்மா. மூடுனவங்களே தொறந்தா வரும்."

 அவர் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். மகள் படத்தைத் தொடப்போன விரலை அது படுவதற்கு முன்பே எடுத்துக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. மாலையை இங்கே வைத்துவிட்டுப் போகக் கூடாது என்று கூடையைத் தூக்கிக்கொண்டார். "எம் பொண்ணு படத்துக்குப் போட்டுக்கறேன், அவளுக்குத் தோஷம் ஒண்ணும் இல்ல" என்றார். ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். மிச்சத் துணியைக் காயப்போடக் கை வரவில்லை. சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது அவர் கழற்றிக்கொண்டிருந்த சட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

கணக்கை நான் மறுபடி மூடவில்லை. நாத்தனார் படங்களுக்கும் வரிசையாக இதயம் போட்டுவிட்டேன், அவள் இப்போது சந்தோஷமாக இருக்கிறாள். பிள்ளைச்சாவடி அம்மாவுக்கு நானே போன் பண்ணிப் பேசுகிறேன்.

இறந்தவர்களுடைய கணக்கை நினைவுக்கென்று மாற்றி வைக்கலாம், அதன் பிறகு யாரும் உள்ளே புக முடியாது, படங்களும் பத்திரமாக இருக்கும் என்று மகள் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். நல்லதாகப் பட்டது. போனில் அந்த அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார் போல, ஒரே இரைச்சல்.

"அப்போ அவ செத்துட்டான்னு அதுங்கிட்ட நாம சொல்லணுமா?" என்றார்.

"ஆமாம்மா. சர்டிபிகேட் குடுத்தா மாத்திடுவாங்க."

"எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். போனுக்கு எதுக்குடி சொல்லணும்?"

பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டார்.